கிட்டார் ட்யூன் பண்ணப் போய் தொடாத கம்பி அறுந்துருச்சு, யாராச்சும் விளக்குங்க

மஸ்கெலியா மழை:
அண்ணன்மாரே அக்காமாரே, மாமா கொழும்புல இருந்து பழைய கிட்டார் ஒன்னு கொண்டாந்து குடுத்தாரு, இரும்புக் கம்பி போட்டது. ரெண்டு வாரமா இதோட தான் மல்லுக்கட்டுறேன். போன்ல ட்யூனர் ஆப் (சுருதி காட்டுறது) போட்டு ரெண்டாவது கம்பிய (மெல்லிசா இருக்குறது முதலாவது, தடிச்சது ஆறாவது) தட்டுனேன், பி-ங்குற சுருதி வரணும், ஆனா அதுக்கு கீழ ஏ-லயே நிக்குது. முறுக்குறேன் முறுக்குறேன் ஊசி அசையவே இல்ல, திடீர்னு டப்புனு முதல் கம்பி அறுந்து கைல அடிச்சுருச்சு, சத்தியமா அதை நான் தட்டவே இல்ல! மத்த அஞ்சும் ஒரு மாதிரி ஆப்ல பச்சை காட்டுற சரியான சுருதிக்கு கொண்டு வந்தாலும் காலைல பாத்தா கொஞ்சம் ஏறி நிக்குது. மழை நேரம் இன்னும் மோசம், எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) கூரை தகரம், ஆப் பைத்தியம் புடிச்ச மாதிரி இல்லாத எழுத்தெல்லாம் காட்டுது. கிட்டார் பழுதா, நான் பழுதா?

பண்டாரவளை பேஸ்:
தம்பி கிட்டார் நல்லா தான் இருக்கு 😄 நீங்க தட்டுனது ரெண்டாவது, முறுக்குனது முதல் கம்பியோட கீ (கம்பிய இறுக்குற திருகு). அதான் ஊசி அசையல. கம்பிய விரலால தடவிக்கிட்டே கிட்டார் தலை வரைக்கும் போய் எந்த கீயில சுத்தியிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் திருப்புங்க. தலையில ரெண்டு பக்கமும் மூணு மூணு கீ இருந்தா கழுத்துக்கு கிட்ட இருக்குறது ஒரு பக்கம் ஆறாவதுக்கு, மத்த பக்கம் முதலாவதுக்கு. நானும் சர்ச்ல பழகுன காலத்துல ஆராதனை தொடங்க பத்து நிமிஷம் இருக்கப்போ இதே வேலை பாத்து ஃபாதர் முறைச்ச முறைப்பு இன்னும் மறக்கல.

கால் கால் திருப்பா திருப்பி ஒவ்வொரு தடவையும் தட்டி பாருங்க. ஏறிப்போனா கொஞ்சம் கீழ இறக்கிட்டு மறுபடி கீழ இருந்து ஏத்திக்கிட்டு வந்து நிறுத்தணும், மேல இருந்து இறக்கி நிறுத்துனா கம்பி தளர்ந்து சுருதி திரும்ப இறங்கும்.

காலைல ஏறுறதுக்கு காரணம் குளிர், இரும்பு சுருங்கி இழுபடுது. அடுப்படி பக்கம் மாட்டிராதீங்க, அந்த சூட்டுல இறங்கும், மரமும் காஞ்சு வெடிச்சுரும்.

நானுஓயா:
மழைக்கு ஆப் சரிவராது தம்பி, அது மைக்ல கேக்குறதை எல்லாம் சுருதின்னு நெனைக்கும். கிட்டார் தலையில கவ்வுற கிளிப் ட்யூனர் வாங்குங்க, அது மரத்தோட அதிர்வை எடுக்கும், தகரம் என்ன கத்துனாலும் கவலையில்ல. புதுசா போடுறது இரும்புக் கம்பி தான்னு கடையில சொல்லுங்க. யாரும் நைலான் கிட்டார்ல இரும்பை போட்றாதீங்க, பாலம் (கம்பி கீழ மாட்டியிருக்குற கட்டை) பிச்சுக்கிட்டு வந்துரும், எங்க வீட்ல ஒன்னு அப்பிடி போச்சு.

பண்டாரவளை பேஸ்:
கிளிப் நல்லது தான் அக்கா, ஆனா காதும் பழகணும், பேட்டரி செத்தா என்ன பண்றது. ஆறாவது கம்பில அஞ்சாவது ஃப்ரெட்டை (கழுத்துல குறுக்கா இருக்குற கட்டம்) புடிச்சா வர்றதும் சும்மா தட்டுற அஞ்சாவது கம்பியும் ஒன்னு, 110 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 110 அதிர்வு. அதே மாதிரி அஞ்சு-நாலு, நாலு-மூணு. மூணாவதுல மட்டும் நாலாவது ஃப்ரெட், ரெண்டாவதுல திரும்ப அஞ்சு. ரெண்டும் சேராட்டி வாவ்... வாவ்னு ஆடும், கிட்ட வர வர ஆட்டம் மெதுவாகி நின்னுரும். ஒன்னு 108ல நின்னா செக்கனுக்கு ரெண்டு ஆட்டம், அவ்வளவு தான் கணக்கு.

மஸ்கெலியா மழை:
அண்ணே தடவி பாத்தேன், நீங்க சொன்னதே தான், முதல் கீயை போட்டு முறுக்கியிருக்கேன் 🤦 அந்த வாவ் வாவ் ஆறுக்கும் அஞ்சுக்கும் நல்லா கேக்குது, மூணுக்கும் ரெண்டுக்கும் தான் இன்னும் புடிபடல. மழை விட்டதும் டவுனுக்கு போய் கம்பி வாங்கிட்டு வாறேன், கிளிப்புக்கு சம்பளம் வரட்டும் அக்கா.