ஐ டிராக்கரின் அகச்சிவப்பு ஒளி கண்ணைப் பாதிக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தம்பி கேம் விளையாட மானிட்டருக்குக் கீழே ஒரு ஐ டிராக்கர் (கண் எங்கே பார்க்கிறது என்று அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கண்டறியும் கருவி) மாட்டியிருக்கிறான். இருட்டில் அதன் எல்இடிகள் மங்கிய சிவப்பாகத் தெரிகின்றன. மொபைல் கேமராவில் பார்த்தால் பளீரென்று ஊதா. அந்த ஒளியின் அலைநீளம் அநேகமாக 850 நானோமீட்டராக இருக்கும்.

அகச்சிவப்புக்குக் கண் கூசாது. இமையும் மூடாது, கண்பாவையும் சுருங்காது. அதுதான் கவலை. அவனோ உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டான், முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டுதான் ஆட்டம்.

ஐஇசி 62471 என்ற, விளக்குகளின் ஒளிப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரத்தின்படி, நீண்ட நேரம் கண்ணில் விழும் அகச்சிவப்பு சதுர மீட்டருக்கு 100 வாட்டைத் தாண்டக் கூடாது. பெட்டியில் அந்தத் தரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விற்றவரைக் கேட்டால் "பயமே வேண்டாம்" என்கிறார், அவ்வளவுதான்.

லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அளக்கும். வேறு எதை வைத்து அளப்பது? எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் போதும்? கண் மருத்துவர்களோ ஒளியியல் படித்தவர்களோ இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.