டெஸ்ட் பைலட் இனியும் தேவையா?

கணக்கன்:
நான் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். புது விமானம் ஒன்று தரையை விட்டுக் கிளம்புமுன்பே சிமுலேட்டரில் எத்தனையோ தடவை பறந்துவிடுகிறது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் நம் தேஜஸ் போர் விமானம் முதன்முதலாக 18 நிமிடம் பறந்தபோது, அதை ஓட்டிய ராஜீவ் கோத்தியாலுக்கு அதில் புதிதாக என்ன இருந்திருக்கும்? இன்றைய டெஸ்ட் பைலட் ரிப்பன் வெட்ட வந்த விருந்தாளி மாதிரிதான். 1947-இல் அமெரிக்க விமானி சக் யேகர், குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்த நிலையில், துடைப்பக்கட்டையை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒலியை முந்தினாரே, அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஹேங்கர்தாத்தா:
தம்பி, துடைப்பக்கட்டைக் கதை ஊருக்கே தெரியும். பெரிய கதையை விட்டுவிட்டீர்கள். அதற்கு முன்பு ஒரு நாள், ஒலிவேகத்தில் 94 சதவீதத்தை எட்டியபோது யேகர் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, இழுத்துப் பார்த்தார். மூக்கு அசையவில்லை. அந்த வேகத்தில் காற்றில் உண்டாகும் அதிர்வலை, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலின் கீலில் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டதால் மடல் செத்துப்போயிருந்தது. இறங்கி வந்து அதைச் சொன்னார். ஜாக் ரிட்லி என்ற பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மடலை விடு, கிடைவால் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு என்றார். அக்டோபர் 14 அன்று மாக் 1.06-ஐ, அதாவது ஒலிவேகத்தைப் போல 1.06 மடங்கை, தொட்டது அப்படித்தான். துடைப்பக்கட்டையை அறுத்துக் கொடுத்தவரும் அதே ரிட்லிதான்! எந்த உயரத்தில், எந்த வேகத்தில், கைக்கு என்ன தெரிந்தது என்று பதறாமல் வந்து சொல்வதுதான் இந்த வேலை. வீரம் எல்லாம் பத்திரிகைக்காரர்கள் சேர்த்துக்கொண்டது.

கணக்கன்:
ஐயா, அந்த "வந்து சொல்லும்" வேலையை இப்போது டெலிமெட்ரி செய்கிறது, பறக்கும்போதே சென்சார் அளவுகளைத் தரைக்கு அனுப்பிவிடும். மனிதர் மறப்பார், சென்சார் மறக்காது.

வானம்பாடி77:
1974 ஜனவரி 20, அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானத் தளம். எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியான ஒய்எஃப்-16 அன்று பறக்க வேண்டியதே இல்லை, ரன்வேயில் வேகமாக ஓடிப் பார்த்தால் போதும். அதன் ஸ்டிக் அசையாத வகை. கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் படிக்கும். ஓடும்போதே விமானம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. விமானி பில் ஓஸ்ட்ரைக்கர் ஒரு பக்கம் திருத்தினால் அது மறுபக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தது. வால் இறக்கை தரையில் உரசியது, விமானம் ரன்வேயை விட்டு விலகத் தொடங்கியது. அப்போது அவர் நிறுத்தப் பார்க்கவில்லை. கிளம்பியே விட்டார். ஆறு நிமிடம் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறக்கினார். அதிகாரப்பூர்வ முதல் பறப்பு பிப்ரவரி 2-இல்தான். போகலாம் என்ற அந்த முடிவை எந்த சென்சார் எடுத்திருக்கும்?

கணக்கன்:
உங்கள் கதையே எனக்குச் சாதகம். ஆட்டத்தில் பாதி விமானியின் கைதானே? சுவீடனின் கிரிப்பன் போர் விமானத்தைப் பாருங்கள். 1989-இல் இறங்கும்போது ஆடிப்போய் ரன்வேயில் புரண்டது. 1993-இல் ஸ்டாக்ஹோம் விழாவில் கூட்டத்துக்கு மேலே பறக்கும்போது இன்னொன்று விழுந்தது. இரண்டிலும் ஒரே விமானி, லார்ஸ் ரோடெஸ்ட்ரோம். இரண்டு தடவையும் உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆளை எடுத்துவிட்டால் ஆட்டமும் போய்விடும். அப்புறம் போயிங்கின் 737 மேக்ஸ் பயணிகள் விமானம். டெஸ்ட் பைலட்டுகள் ஓட்டிப் பார்த்த விமானம்தானே? இரண்டு விபத்துகளில் 346 பேர் போனார்கள்.

ஹேங்கர்தாத்தா:
ஆளை எடுத்துவிட்டால் ஆட்டம் இல்லை, சரி. நாளை விமானப்படை ஸ்குவாட்ரனில் அதில் ஏறப்போகிறவனுக்கும் அதே கைதானே இருக்கிறது? அந்தக் கை எங்கே பதறும் என்று யாராவது முதலில் ஏறிப் பார்த்தாக வேண்டும்.

மேக்ஸ் விஷயம் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் கோளாறு செய்தால் விமானி என்ன செய்வார் என்று சிமுலேட்டரில்தான் பார்த்தார்கள். ஆனால் சென்சார் ஒன்று கெட்டால் கைப்பிடி கடகடவென்று நடுங்கும், இரண்டு விமானிகளின் மீட்டர்களும் காட்டும் வேகமும் உயரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கைகள் வரும். அந்தக் களேபரத்தை அதில் சேர்க்கவே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் இதைத்தான் சுட்டிக்காட்டியது. நாம் போட்டுவைத்ததைத்தான் சிமுலேட்டர் திருப்பித் தரும்.

முருகேஷ்பாளையத்தான்:
விவாதத்துக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். பெங்களூரில் தினமும் சுரஞ்சன் தாஸ் ரோடு வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். யாரோ பழைய அரசியல்வாதி என்று நினைத்திருந்தேன். அவரும் டெஸ்ட் பைலட்டா?

ஹேங்கர்தாத்தா:
ஆமாம். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த, நம் நாட்டின் மாருத் போர் விமானத்தை 1961 ஜூனில் முதலில் பறக்கவிட்டவர். 1970 ஜனவரி 10, அதே மாருத்தின் இன்னொரு வகையைச் சோதிக்கும்போது பெங்களூரிலேயே விழுந்து இறந்தார்.

கணக்கன்:
ரிப்பன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், ஐயா. ஆனால் மேக்ஸில் முழுதாகத் தோற்கவில்லை. அந்தக் களேபரத்தைச் சேர்க்காமல் விட்டது மனிதர்கள்தானே? சிமுலேட்டர் என்ன செய்யும்?

வானம்பாடி77:
"இதையும் சேர்த்துப் பார்க்கலாமே" என்று கேட்க வேண்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?