தமிழில் பேசும் மனநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். என் சித்தி மகன், திருச்சிப் பையன், இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பிரியாணி வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். தீபாவளிக்கு நான் கொடுத்த முறுக்கு டப்பா, ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் மேசையில் அப்படியே இருக்கிறது. ஒரே நாளில் காலி செய்கிற பையன்! ராத்திரி தூக்கமில்லை, வகுப்புக்கும் போவதில்லையாம்.

வளாக ஆலோசனை மையத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. 24 மணி நேரமும் அழைக்கலாம் என்பதால் 1771, 1767 என்ற இரண்டு மனநல உதவி எண்களையும் அவன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். "இங்கிலீஷ்ல அழ வரலைக்கா" என்கிறான்.

தமிழில் நேரில் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர், முடிந்தால் மாலை ஆறு மணிக்கு மேல், யாருக்காவது தெரியுமா? மாணவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு ஆகும்? சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அனுபவப்பட்டவர்களும் எழுதுங்கள்.

கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்பவர்களுக்கு: போயாச்சு.