மட்கார்டு வர மறுக்கிறது

கதிர் (காலை 7.10): படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். பைக்கின் முன்பக்க மட்கார்டைச் செய்தேன், கார்பன் ஃபைபர் துணியை அச்சில் விரித்து எப்பாக்ஸி ரெசின் தடவி. 24 மணி நேரம் ஆகிவிட்டது, நன்றாக இறுகியும்விட்டது. அச்சைவிட்டு மட்டும் வர மறுக்கிறது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

மாமா (7.13): முதலில் அதைக் கீழே வை. படகுப் பட்டறையில் நான் கெடுத்த அச்சுகளில் பாதி ஸ்க்ரூடிரைவரால் போனவை. அச்சில் ஒட்டாமலிருக்க மெழுகு எத்தனை முறை பூசினாய்?

கதிர்: இரண்டு முறை.

மாமா: புது அச்சுக்கு இரண்டு எப்படிப் போதும்? ஐந்தாறு முறையாவது வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் அடுத்தது. மேலே பிவிஏ, அதுதான் ஒட்டவிடாமல் படலமாகக் காயும் திரவம், தடவினாயா?

கதிர்: தடவினேன் மாமா. ஸ்பாஞ்சால் ஒரு பூச்சு.

மாமா: அப்படியானால் பிழைத்தாய். அது தண்ணீரில் கரையும். ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்பை மெல்லச் செருகி, அந்த இடுக்கில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்று. பத்து நிமிடம் தொடாதே.

மாமா: இன்னொன்று. மட்கார்டின் இரண்டு ஓரமும் உள்பக்கம் வளைகிறதே, அச்சை ஒரே துண்டாகவா செய்தாய்?

கதிர்: ஆம். பழைய மட்கார்டின்மேலேயே கண்ணாடியிழை ஒட்டி எடுத்தேன்.

மாமா: அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வளையும் பொருளுக்கு அச்சை இரண்டாகப் பிரித்துச் செய்து போல்ட் போட்டு இணைப்பார்கள். இப்போதைக்கு அச்சின் சுவரை வெளிப்பக்கமாக வளைத்துப் பிடித்துப் பார்.

மலர் அக்கா (7.31): நேற்று மாடியில் ஒரு கப்பிலிருந்து புகை வந்ததே, அதைப் பற்றி இவன் ஏன் வாய் திறக்கவில்லை?

கதிர்: அக்கா...

மாமா: எவ்வளவு கலக்கினாய்?

கதிர்: 300 கிராம் ரெசின், ஒரே கப்பில். சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினேன்.

மாமா: பாலியெஸ்டர் ரெசினில் ஊக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் அந்த வேலை நடக்காது. 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 30 என்று டப்பாவில் போட்டிருந்தால் தராசில் 30 தான். மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கிப் பொருளை மென்மையாக்கிவிடும். கப்பில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே கொதிக்கும். கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பு.

அத்தை (7.40): உன் மாமா மெழுகையும் ரெசினையும்தான் பார்க்கிறார். மூக்குப் பகுதியில் துணி சுருங்கியிருப்பது யார் கண்ணிலும் படவில்லையா? எப்படி வெட்டினாய் கதிரா?

கதிர்: நேராகத்தான் அத்தை. அங்கே மட்டும் எவ்வளவு அழுத்தியும் படியவில்லை.

அத்தை: படியாது. வளைவுக்குத் துணியைக் கிராஸாக, 45 டிகிரியில் வெட்ட வேண்டும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் பட்டி வைக்கிறேனே, எல்லாம் கிராஸ்தான். இழை நீளாது, ஆனால் சாய்த்துப் பிடித்தால் நெசவு நகர்ந்து கொடுக்கும். என்ன நெசவு?

கதிர்: ட்வில். சதுர மீட்டருக்கு 200 கிராம், 3கே.

அத்தை: 3கே என்றால்?

கதிர்: ஒரு இழைக்கற்றையில் 3,000 நுண்ணிழைகள். ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான்தான்.

அத்தை: அதனால்தான் ஓரம் இப்படிப் பிரிந்து தொங்குகிறது. வெட்டும் கோட்டின்மேல் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டு.

மாமா: அத்தை சொல்வது சரி. ஒரு அடுக்கு நேராக, ஒரு அடுக்கு கிராஸாக வைத்தால் முறுக்கு விசையையும் தாங்கும்.

மலர் அக்கா: ஓரத்தைத் தேய்ப்பதாக இருந்தால் மாடியிலேயே, தண்ணீர் விட்டு, முகக்கவசத்தோடு தேய்க்கட்டும். போன தடவை பறந்த கறுப்புத் தூசி என் லேப்டாப்மேல் படிந்திருந்தது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தெரியுமல்லவா?

கதிர்: தெரியும். கையுறையும் போடுகிறேன். போன வாரம் மணிக்கட்டில் வந்த அரிப்பே போதும்.

மாமா: அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. எப்பாக்ஸி ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் தடித்துவிடும். என்னோடு வேலை செய்த ஒருவர் அதனாலேயே தொழிலை விட்டார்.

கதிர் (8.22): வந்துவிட்டது! டக்கென்று ஒரு சத்தம். அச்சு உடைந்தது என்றே நினைத்தேன். மூக்கில் சுருக்கம், ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் நான்கைந்து துளைகள். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

மாமா: துளைகளில் ரெசின் தடவித் தேய்த்துவிடலாம். மேலே யூவி தாங்கும் கிளியர் கோட் அடி, இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும்.

அத்தை: அடுத்த முறை துணியை என்னிடம் கொண்டு வா, நானே காகிதத்தில் அளவெடுத்து வெட்டித் தருகிறேன். அது இருக்கட்டும், இந்தத் துணியை எதனால் வெட்டினாய்? கார்பன் இழை கத்தரிக்கோலை மழுக்கிவிடும் என்று உன் மாமா இப்போதுதான் சொல்கிறார்.

அத்தை (8.31): கதிரா?

மலர் அக்கா: படித்துவிட்டான். இரண்டு நீல டிக் தெரிகிறது.

அத்தை (8.34): என் தையல் மேசையில் கத்தரிக்கோலைக் காணவில்லை.