ஃபர்ம்வேர் ஏறிடுச்சு, ஆனா ஐஓடி ஜாப் "இன் ப்ராக்ரஸ்"லயே நிக்குது – உதவி தேவை

நீர்த்தொட்டி_லாகர்:
அவசரம். ஏடபிள்யூஎஸ் ஐஓடி ஜாப்ஸ் (அமேசான் கிளவுட்ல இருந்து நிறைய டிவைஸுக்கு வேலை அனுப்புற சேவை) வழியா ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ள ஓடுற மென்பொருள்) அனுப்பினேன். டிவைஸ் எல்லாம் புது வெர்ஷன்ல ஓடுது. ஆனா பாதிதான் "சக்ஸீடட்". மீதி "இன் ப்ராக்ரஸ்", சிலது "டைம்டு அவுட்". கேன்சல் கொடுத்தாலும் அசையலை.

சால்டரிங்_செல்வி:
என்ன போர்டு? ஜாப் ஸ்னாப்ஷாட்டா (இப்போ க்ரூப்ல இருக்குற டிவைஸுக்கு மட்டும்), கன்டினியூவஸா? டைம் அவுட் எவ்வளவு? பார்க்குறது மொத்த ஜாப் நிலையா, டிவைஸ் வாரியான எக்ஸிக்யூஷன் நிலையா? கன்டினியூவஸ்னா எல்லா டிவைஸும் முடிச்சாலும் ஜாப் முடியாது. க்ரூப்ல புதுசா சேர்ற டிவைஸுக்காகத் திறந்தே இருக்கும்.

நீர்த்தொட்டி_லாகர்:
இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர்) போர்டு. ஸ்னாப்ஷாட். டைம் அவுட் 15 நிமிஷம். எக்ஸிக்யூஷன் நிலைதான்.

பாலிசி_பாண்டி:
பாலிசியைப் (டிவைஸுக்கு என்னென்ன அனுமதின்னு சொல்ற விதிகள்) பாருங்க, வேற எதுவும் இல்லை. அனுமதி இல்லாத டாபிக்ல (செய்தி போற முகவரி) பப்ளிஷ் பண்ணா (செய்தி அனுப்பினா) கனெக்‌ஷனையே துண்டிச்சிடும். சப்ஸ்க்ரைபுக்கு (ஒரு டாபிக்ல வர்ற செய்தி வேணும்னு பதியறது) டாபிக்ஃபில்டர்னு எழுதணும், பப்ளிஷுக்கும் ரிசீவுக்கும் டாபிக்னு எழுதணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

சால்டரிங்_செல்வி:
எல்லா டிவைஸுக்கும் ஒரே பாலிசின்னா பாதி மட்டும் எப்படி "சக்ஸீடட்" ஆகும்?

மூத்த_எம்பெடட்:
தம்பி, கோடைக் காட்டாம கேட்டா இங்க யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆவணத்தை ஒரு தடவை முழுசா படிங்க. "சக்ஸீடட்" அனுப்புறது ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

நீர்த்தொட்டி_லாகர்:
முன்னாடி. பப்ளிஷ், அடுத்த வரி ரீஸ்டார்ட்.

மூத்த_எம்பெடட்:
அதான் கோளாறு. பப்ளிஷ் ஃபங்ஷன் திரும்பி வந்தா செய்தி போய்ச் சேர்ந்துடுச்சுனு ஆகாது, பஃபருக்குப் (அனுப்பக் காத்திருக்குற தற்காலிக இடம்) போச்சு, அவ்வளவுதான். வைஃபை நல்லா இருக்குற இடத்துல தப்பிச்சுப் போயிடும், மத்த இடத்துல ரீஸ்டார்ட்ல அழிஞ்சிடும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி "சக்ஸீடட்" சொல்றதே தப்பு, புது இமேஜ் (ஃபர்ம்வேர் கோப்பு) பூட் ஆகாம ரோல்பேக் ஆனா (பழைய வெர்ஷனுக்கே திரும்பினா) என்ன பண்ணுவீங்க? டவுன்லோடு முடிஞ்சதும் "இன் ப்ராக்ரஸ்"லயே வச்சு, ஸ்டேட்டஸ் டீடெய்ல்ஸ்ல "ரீபூட்டிங்"னு எழுதுங்க. பூட் ஆனதும் ஸ்டார்ட்-நெக்ஸ்ட் (அடுத்த ஜாபைத் தான்னு கேக்குற கோரிக்கை) கேளுங்க. பாதில நிக்குற ஜாபைத்தான் முதல்ல தரும், அதனால ஜாப் ஐடியை ஃப்ளாஷ்ல சேமிக்க வேண்டாம். ஓடுற வெர்ஷனைச் சரிபார்த்து, இமேஜ் செல்லும்னு குறிச்சிட்டு, அப்புறம் "சக்ஸீடட்" அனுப்புங்க. அப்டேட்/அக்செப்டட் (ஏத்துக்கிட்டேன்னு சர்வர் சொல்ற பதில்) வர்ற வரை அடுத்த வேலைக்குப் போகாதீங்க.

சால்டரிங்_செல்வி:
15 நிமிஷமும் பத்தாம போகலாம். அந்த டைமர் "இன் ப்ராக்ரஸ்" ஆனதுல இருந்து ஓடும், நடுவுல நீட்ட முடியாது. 10080 நிமிஷம் வரை வைக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியா வேணும்னா ஸ்டெப் டைம் அவுட்டை அப்டேட்லயே அனுப்புங்க. "டைம்டு அவுட்" ஆனது முடிஞ்ச நிலை, அதுக்கு மேல டிவைஸ் என்ன அனுப்பினாலும் ரிஜெக்டட்தான். கேன்சல் சாதாரணமா க்யூல இருக்குறதை மட்டும்தான் எடுக்கும். ஓடுறதுக்கு ஃபோர்ஸ் போடணும்.

ஷேடோ_சரவணன்:
இவ்வளவு பாடு எதுக்கு? டிவைஸ் ஷேடோவோட (டிவைஸ் நிலையைக் கிளவுட்ல வச்சிருக்குற நகல்) ரிப்போர்ட்டட் பகுதில வெர்ஷனை எழுதுங்க, முடிஞ்சது.

பாலிசி_பாண்டி:
ஷேடோல இப்போ என்ன வெர்ஷன்னு தெரியும். எந்தக் கட்டத்துல நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?

ஷேடோ_சரவணன்:
அதையும் ஒரு ஃபீல்டா எழுதலாமே.

மூத்த_எம்பெடட்:
எழுதலாம். ஆனா டைம் அவுட்டும் ரோல்அவுட் வேகமும் (எத்தனை டிவைஸுக்கு எவ்வளவு வேகமா அனுப்புறது) நீங்களே கட்டணும். நூறு டிவைஸ் தாண்டினா அந்தக் கோடை யார் பராமரிக்கிறது?

ஷேடோ_சரவணன்:
ரெண்டையும் வைக்கலாம்னுதான் சொல்றேன். ஜாப் நிலையும் ஷேடோ வெர்ஷனும் ஒத்துப்போகலைன்னா உடனே அலாரம்.

நீர்த்தொட்டி_லாகர்:
பூட்டுக்கு அப்புறம் அனுப்புற மாதிரி மாத்தினேன், வருது. தொங்கினதை ஃபோர்ஸ்ல கேன்சல் பண்ணிட்டேன். நன்றி.