ராத்திரி கோழியைக் கொல்வது எது? தலை மட்டும் காணோம்

தோப்புவீடு:
எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. 17 சிறுவிடைக் கோழிகள் இருந்தன, பத்து நாளில் மூன்று போய்விட்டன. செவ்வாய்க்கிழமை காலை கூண்டைத் திறந்தால் ஒரு வெடைக்கோழி செத்துக் கிடந்தது, தலை இல்லை, கழுத்தும் இரைப்பையும் கிழிந்திருந்தன, மீதி உடம்பு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு, அதே மாதிரி. மாலை 6 மணிக்கு அடைத்துவிட்டு நானேதான் கொக்கி போடுகிறேன், காலையிலும் கொக்கி போட்டபடியேதான் இருக்கிறது. நாலு பக்கமும் வெல்டுமெஷ் கம்பிவலை, மேலே தென்னங்கீற்றுக் கூரை. கூரைக்கும் மெஷுக்கும் நடுவில் என் கைமுஷ்டி நுழைகிற அளவு இடைவெளி உண்டு.

இதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடைக்கோழிக்கு வைத்த 9 முட்டை 5 ஆகி, அப்புறம் 2 ஆனது. ஓடுகூடக் கிடைக்கவில்லை. இந்தக் கோழி படுத்திருப்பது கூண்டில் இல்லை, மாட்டுக்கொட்டகையில் ஒரு கூடையில்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எல்லாம் கீரி வேலை, மீன் தலையில் மருந்து வைத்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எது வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வழி சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
கீரிதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கழுத்தைக் கடித்து ரத்தத்தைக் குடித்துவிட்டு உடம்பைப் போட்டுவிட்டுப் போனது.

நாட்டுக்கோழி_20வருஷம்:
கீரி என்று நான் நினைக்கவில்லை தம்பி. கீரி பகலில் இரை தேடுகிற பிராணி, பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். கீரி தூக்கினால் பட்டப்பகலில், கோழி மேய்கிற நேரத்தில், வேலியோரமாகத் தூக்கும். உங்களுக்கு 6 மணிக்கு மேல் விடிவதற்குள் நடந்திருக்கிறது, கொக்கி கழன்றிருக்கவில்லை, வழி கூரையில் இருக்கிறது. அப்படியானால் ஏறத் தெரிந்த ஒன்று, இருட்டில் நடமாடுகிற ஒன்று. தென்னந்தோப்பு என்றும் சொல்கிறீர்கள். என் கணக்கு மரநாய், புனுகுப்பூனை இனத்துப் பிராணி. மரமேறிகளைக் கேட்டுப் பாருங்கள், கள் கலயத்தில் வாய் வைக்கிறதே, அதேதான். தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பையும் நுழைத்துவிடும்.

ரத்தம் குடிக்கும் என்பது ஊரில் சொல்வதுதான். கீரியோ மரநாயோ கடிப்பது கழுத்தையும் பின்னந்தலையையும், அதனால் அங்கேதான் காயம் தெரியும். காட்டுப்பூனையோ நரியோ வந்திருந்தால் பெரும்பாலும் முழுக்கோழியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும், வேலியோரம் இறகுதான் கிடைக்கும். நாய் புகுந்தால் கூண்டே கிழிந்திருக்கும், நாலைந்தைக் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலே போய்விடும்.

ஊகத்தோடு நிறுத்த வேண்டாம். இன்று இரவு கூண்டைச் சுற்றியும் மெஷ் வலையின் மேல்விளிம்பு ஓரமாகவும் கோலப்பொடியைச் சலித்துத் தூவி வையுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசிமாவு என்றால் விடிவதற்குள் எறும்பு அழித்துவிடும். நாய்த்தடத்தில் நாலு விரலும் நகக்குறியும் இருக்கும். பூனைக்கு நாலு விரல், நகம் பதியாது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல், ராத்திரி விழுந்த தடம் என்றால் கீரியைக் கழித்துவிடலாம். கைப்பிடிச் சுவர், ஓட்டுக்கூரை மேலெல்லாம் எச்சம் இருக்கிறதா பாருங்கள். மரநாய் எச்சம் பழவிதையாக இருக்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டு வைக்கும். அது வந்து போன இடத்தில் வாசனை அரிசி வேகிற மாதிரி ஒரு மணமும் வரும்.

மருந்து மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டு நாய்தான் முதலில் தின்னும். தவிர கீரி, மரநாய் இரண்டுமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் வழக்கு.

அந்தியூர்_அக்கா:
மேலே அண்ணன் சொன்னது கோழிக்குச் சரி. முட்டைக் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே தம்பி, இரண்டு பேர் வருகிறார்கள்.

கீரி முட்டையை உடைத்துத்தான் குடிக்கும், ஓடு அங்கேயே பக்கத்தில் கிடக்கும். பெருச்சாளி என்றாலும் கடித்த ஓடு வளைவாயில் கிடைக்கும். ஒரு சில்லுகூட இல்லாமல் ஈரமும் இல்லாமல் முட்டை மறைகிறது என்றால் முழுசாக விழுங்குகிற ஒன்று. பாம்பு, இல்லையென்றால் உடும்பு. காக்காயும் தூக்கும்தான், ஆனால் அடைக்கோழி உட்கார்ந்திருக்கும்போது கொட்டகைக்குள் வந்து ஏழு முட்டையா? போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது, காயமே இல்லை, தலையிலிருந்து தோள் வரைக்கும் மட்டும் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பாம்பு விழுங்கிப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. எதனால் என்று எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது.

தயவுசெய்து அந்தக் கூடையில் டார்ச் அடித்துப் பார்க்காமல் கை விடாதே. சாரையாக இருந்தால் பரவாயில்லை, நாகமும் முட்டைக்கு வரும். வீட்டில் குழந்தைகளை முட்டை எடுக்க அனுப்பாதே. கொட்டகையில் எலி இருக்கிறதா என்றும் பார், சிந்திய தவிட்டுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

தோப்புவீடு:
இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் போய்விட்டது. சனிக்கிழமை பொடி தூவினேன், ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பார்த்தால் மேல்விளிம்பில் ஐந்து விரல் தடம், தென்னை மட்டை கூரையில் உரசுகிற பக்கமிருந்து இறங்கி வந்திருக்கிறது. கோழிகளை வீட்டுத் திண்ணையில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்ததால் தப்பின. தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் பப்பாளி விதையாக எச்சம். கொட்டகையில் வைக்கோலை உதறியபோது முழு நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடைத்தது, என்ன பாம்பு என்று தெரியவில்லை. அடைக்கோழியை மீதி 2 முட்டையோடு உள் அறைக்கு மாற்றிவிட்டேன். இடைவெளியைக் கோழிவலை வைத்து அடைத்தால் போதுமா?

நாட்டுக்கோழி_20வருஷம்:
அந்த மெல்லிசுக் கோழிவலை போதாது, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் அது, உள்ளே வருகிறதைத் தடுக்காது. அரை இஞ்சு வெல்டுமெஷையே மேலேயும் போட்டு, கம்பி வைத்து முறுக்கிக் கட்டி, அதற்கு மேல் கீற்று வேயுங்கள். கீழேயும் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கோழி அடைகிற கட்டையை மெஷிலிருந்து ஒரு முழம் தள்ளி உள்ளே வையுங்கள், ஒட்டி உட்கார்ந்தால் வெளியே நின்றே தலையைப் பிடித்து இழுத்துவிடும். அந்த மட்டையை இன்றைக்கே வெட்டிவிடுங்கள், ஒருமுறை தின்ற இடத்துக்கு அது மறுபடி வரும்.

அந்தியூர்_அக்கா:
அந்த 2 முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார். உள்ளே கரு வளர்ந்திருந்தால் விடு, பொரிக்கட்டும். இல்லையென்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசாக 9 வை, கோழி நல்ல அடையில்தான் இருக்கிறது.