நம்ம வீடு (குடும்பக் குழு): ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு

வித்யா: எல்லாருக்கும் ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை நிலவனுக்குப் பத்து வயசு முடியுது. வீட்ல வேண்டாமாம். சுவர் முழுக்க டிவி மாட்டி, உள்ளேயே கேம்ஸ் வெச்சிருக்கிற அந்த ஸ்போர்ட்ஸ் ரெஸ்டாரன்ட்டுக்குத்தான் போகணுமாம். அன்னிக்கு ஃபுட்பால் ஃபைனல் வேற. இன்னிக்கே மேசை சொல்லிடணும். யார் யார் வர்றீங்க?

பிரபு: நான்

பிரபு: கேம்ஸ் ஆடக் காசு ஏத்தி வாங்கற கார்டு என் பொறுப்பு

கமலா அத்தை: எது? லைட்டு பளிச்பளிச்னு அடிக்குமே, அந்த இடமா

வித்யா: அதேதான் அத்தை

கமலா அத்தை: போச்சு. எனக்கு ஒத்தைத் தலைவலி வந்துடும்

கதிர்: நாங்க மூணு பேர். இனியா சத்தத்துக்குப் பயப்படுவா, பாத்துக்கலாம்

பெரியப்பா: சாப்பிடப் போகிறீர்களா, விளையாடப் போகிறீர்களா? இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது யார் யோசனை?

செந்தில் சித்தப்பா: நல்ல கேள்வி அண்ணா. 1972ல அமெரிக்காவுல அடாரி கம்பெனி பாங்னு ஒரு கேம் செஞ்சாங்க. ரெண்டு கோடு, நடுவுல ஒரு புள்ளி, டேபிள் டென்னிஸ் மாதிரி. அதை முதல்ல கொண்டுபோய் வெச்சது சன்னிவேல்ல ஒரு மதுக்கடையில. கொஞ்ச நாள்ல மெஷின் ஓடலைன்னு கடைக்காரர் கூப்பிட்டார். திறந்து பாத்தா காசுப் பெட்டி ரொம்பி வழியுது, அதனாலதான் நின்னிருக்கு. அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் நோலன் புஷ்னெல். இந்த மெஷினெல்லாம் பாருக்குள்ள இருந்தா பிள்ளைங்க எப்படி விளையாடும்னு யோசிச்சு, 1977ல சான் ஹோசேல பீட்சா கடையும் கேம்ஸும் சேத்து ஒரு இடம் திறந்தார். பீட்சா வேகற வரைக்கும் பிள்ளைங்க விளையாடும், பெத்தவங்க நிம்மதியா உக்காந்திருப்பாங்க.

கதிர்: சித்தப்பா ஆரம்பிச்சாச்சு

செந்தில் சித்தப்பா: இன்னும் முடியலை. லிட்டில் ராக்ங்கற ஊர்ல ரெண்டு நண்பர்கள். ஒருத்தர் சாப்பாட்டுக் கடை, பக்கத்துலயே இன்னொருத்தர் விளையாட்டுக் கூடம். ஜனங்க இங்கயும் அங்கயுமா நடந்துக்கிட்டே இருக்கறதைப் பாத்தாங்க. 1982ல டல்லஸ்ல ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தாங்க. அதுதான் டேவ் அண்ட் பஸ்டர்ஸ். அதாவது அண்ணா, ஜனங்க ஏற்கெனவே செஞ்சதைத்தான் இவங்க ஒரு கதவுக்குள்ள அடக்கினாங்க.

பெரியப்பா: சரி.

அம்மா: வித்யா கேக்கு நான் செய்யட்டா இல்ல அங்கயேவா

கமலா அத்தை: எனக்கு அங்க சாப்பிட என்ன இருக்கு? எல்லாம் கோழி றெக்கைதானே

பிரபு: ஃப்ரைஸ் இருக்கு அத்தை

செந்தில் சித்தப்பா: அக்கா, ஃப்ரைஸ்னு வாயால சொல்லிட்டு உடனே வாங்கிடாதீங்க. நிறைய இடத்துல கோழி பொரிச்ச அதே எண்ணெயிலதான் உருளைக்கிழங்கையும் போடுவாங்க. மெனுவுல பச்சைப் புள்ளி இருந்தாலும் இதைக் கேட்டாத்தான் சொல்லுவாங்க. வித்யா, மேசை சொல்லும்போது "தனி எண்ணெய்ச் சட்டி இருக்கா"ன்னு ஒரே கேள்வி. இல்லைன்னா அக்காவுக்கு பீட்சா, பாஸ்தா, அடுப்புல வாட்டினது ஏதாவது. சாஸையும் தனிக் கிண்ணத்துல கேளுங்க.

கமலா அத்தை: நீ ஒருத்தன்தான்டா என்னை நினைக்கற

அம்மா: நாங்களும் நினைக்கறோம் அண்ணி

கமலா அத்தை: நான் உன்னைச் சொல்லலியே

வித்யா: அத்தை ப்ளீஸ். கேட்டுச் சொல்றேன்.

தாத்தா: நானும் வருகிறேன்.

வித்யா: தாத்தா!!! ❤️

அம்மா: மாமா உங்களுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது. காது மெஷினோட போய் உக்காந்தா எல்லாம் சேந்து கும்முனு கேக்கும்

பெரியப்பா: அப்பா வீட்டில் இருக்கட்டும். நான் கூட இருக்கிறேன்.

செந்தில் சித்தப்பா: அண்ணா, அப்பா வரட்டும். நான் இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். பல காது மெஷின்ல சத்தமான கூட்டத்துக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு. அதுல முன்னாடி இருந்து வர்ற பேச்சைத்தான் மைக் அதிகமா எடுக்கும். அதனால அப்பா முதுகு கேம்ஸ் பக்கம் இருக்கணும், முகம் நம்ம பக்கம். பின்னாடி சுவரோ உயரமான சாய்மானமோ இருக்கற மூலை மேசைன்னா இன்னும் நல்லது. ஸ்பீக்கருக்கு நேர் கீழ மட்டும் வேண்டாம். கமலா அக்காவுக்கும் அதே மூலை சரிப்படும், கேம்ஸ் லைட்டு கண்ணுல நேரா அடிக்காது. இனியாவுக்கும் அதேதான். மூணு பேருக்கும் ஒரே மேசை போதும், கொஞ்சம் முன்கூட்டியே கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். வயசானவங்களை வீட்ல விட்டுட்டுப் போறதுக்குச் சத்தம் ஒரு காரணமே இல்லை. எங்க உக்கார வைக்கறோம்ங்கறதுலதான் இருக்கு.

கதிர்: இது உண்மை

தாத்தா: கிரிக்கெட் போடுவார்களா?

பிரபு: தாத்தா அன்னிக்கு ஃபுட்பால்

தாத்தா: இத்தனை டிவி இருக்கிறதாமே. ஒன்றில் போடக் கூடாதா?

செந்தில் சித்தப்பா: போடுவாங்கப்பா. பெரிய திரையில ஃபைனல், சத்தமும் அதுக்குத்தான். மத்த டிவியெல்லாம் ஊமைப்படம்தான், கீழ எழுத்து ஓடும். அதனால உங்களுக்கு நஷ்டம் இல்லை. மேசைக்குப் பக்கத்து டிவியில எது வேணும்னு வந்ததுமே சொல்லிடணும், கூட்டம் ஏறினப்புறம் ரிமோட்டைத் தேடி யாரும் வர மாட்டாங்க.

தாத்தா: 1983 உலகக் கோப்பை ஃபைனல் ரேடியோவில்தான் கேட்டேன். 183தான் அடித்தார்கள். நாற்பத்து மூன்று ரன்னில் ஜெயித்தார்கள். கபில் பின்னால் ஓடிப்போய் ரிச்சர்ட்ஸ் கேட்சைப் பிடித்ததை அப்புறம்தான் படத்தில் பார்த்தேன்.

பிரபு: 2011ஐயும் சொல்லுங்க தாத்தா 😄

கதிர்: வேண்டாம்டா

பிரபு: சேவாக் முட்டை, சச்சின் 18, ரெண்டு விக்கெட் போனதும் பெரியப்பா டிவியை அணைச்சு எல்லாரையும் படுக்கப் போகச் சொன்னாரே. தோனி சிக்ஸர் அடிச்சப்ப நம்ம தெருவே கத்துது, நாம மட்டும் இருட்டுல

அம்மா: 😂

பெரியப்பா: மறுநாள் உனக்குப் பரீட்சை இருந்தது.

பிரபு: மறுநாள் ஞாயித்துக்கிழமை பெரியப்பா

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா அத்தை: அண்ணா என்ன போட்டு அழிச்சீங்க

பெரியப்பா: ஒன்றுமில்லை. போன விசேஷத்துக்கும் குழுவில்தான் சொன்னார்கள். இதற்கும் குழுவில்தான். நல்லபடி நடத்துங்கள்.

கமலா அத்தை: அதானே

அம்மா: அண்ணி நீங்க சும்மா இருங்க

வித்யா: பெரியப்பா உங்களுக்கு இப்பவே கூப்பிடறேன்

கதிர்: அப்பா எடுக்கல, சார்ஜ்ல போட்டிருக்கார். நான் சொல்றேன்

பிரபு: நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் 🙏

செந்தில் சித்தப்பா: சரி விடுங்க. கார்டு விஷயத்துக்கு வர்றேன். பிரபு, பொம்மை பிடிக்கற மெஷின் பக்கம் போகாதே.

பிரபு: அங்கதானே இனியாவுக்குப் பாண்டா

அம்மா: போன தடவை அந்தப் பாண்டாவுக்காகவே கார்டு காலி

செந்தில் சித்தப்பா: அந்த இடுக்கி எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும்னு கடைக்காரங்களே செட் பண்ணிக்க முடியும். பல மெஷின்ல ஒவ்வொரு தடவையும் முழு இறுக்கம் இருக்காது. பொம்மையைத் தூக்கும், மேல போய் ஒரு சின்ன ஆட்டம், நழுவிடும். உன் கை சரியில்லைன்னு நினைச்சு மறுபடி கார்டைத் தேய்ப்பே. பந்து உருட்டி வளையத்துக்குள்ள போடற ஸ்கீ பால் அப்படி இல்லை. 1908ல பேடன்ட் வாங்கின விளையாட்டு. நடுக் கோட்டுல மெதுவா, ஒரே வேகத்துல உருட்டினா கை பழகிக்கும், ஓரத்து நூறு பாயின்ட் குழியை மறந்துடணும். கூடைப்பந்தும் அப்படித்தான். பந்து சின்னது, தூரமும் கம்மி, அதனால பலமா எறியாம உயர வளைச்சுப் போடணும். நிலவனுக்கு இதுல பரிசு வாங்கற டிக்கெட் சேரும், அவனே ஜெயிச்சதாவும் இருக்கும். தாத்தாவோட ஏர் ஹாக்கி ஆடட்டும். பலகையில சின்னச் சின்ன ஓட்டை வழியா காத்து வரும், வட்டு மிதந்து போகும், தோள்பட்டைக்குப் பலமே வேண்டாம்.

தாத்தா: ஆடுவேன்.

வித்யா: நிலவன் இதைப் படிச்சுட்டுக் குதிக்கிறான்

கதிர்: கார்டு மீதிக் காசு அடுத்த தடவைக்கு செல்லுமா

செந்தில் சித்தப்பா: இடத்துக்கு இடம் மாறும். வாங்கும்போதே கேளு. டிக்கெட்டும் இப்ப நிறைய இடத்துல பேப்பர்ல வராது, கார்டுலயே ஏறிடும். கார்டைத் தொலைச்சா ரெண்டும் போச்சு, பிள்ளைங்க கையில விடாதீங்க.

அம்மா: விளையாடிட்டு வந்து கை கழுவாம கோழியைத் தொட்டா அவ்வளவுதான்

அம்மா: கேக்கு யாரும் சொல்லலை

வித்யா: வெளிக் கேக் அனுமதி உண்டான்னு கேக்கறேன்மா

செந்தில் சித்தப்பா: ஆர்டர் எப்ப சொல்றதுங்கறது முக்கியம். ஃபுட்பால்ல பாதி ஆட்ட இடைவேளை பதினஞ்சு நிமிஷம். அப்பதான் எல்லா மேசையும் ஒரே நேரத்துல கையைத் தூக்கும், அடுப்படி திணறிடும். நாம முப்பதாவது நிமிஷத்துலயே சொல்லிடுவோம். பிள்ளைங்க அதுக்கு முன்னாடி விளையாடி முடிச்சுட்டு வந்துடணும், தட்டு வந்தப்புறம் தேடிப் போனா பொரிச்சதெல்லாம் துவண்டுடும்.

பிரபு: நான் ஃபோன்ல ஸ்கோர் பாத்துச் சொல்றேன் சித்தப்பா, கேம்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு

கதிர்: தயவுசெய்து வேண்டாம்

கதிர்: 2022 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கா. 3-3, பெனால்டி. பக்கத்து மேசைக்காரங்க ஃபோனைப் பாத்துக் கத்திட்டாங்க. நம்ம டிவியில அர்ஜென்டினாவோட மொந்தியேல் அப்பதான் பந்தைக் கீழ வைக்கிறார். நிலவன் அழுதுட்டான்

செந்தில் சித்தப்பா: ஆமா. இணையம் வழியா வர்ற படம் சாட்டிலைட்டை விடப் பின்னாடி வரும், சில சமயம் அரை நிமிஷம் கூட. ஒரே கூடத்துல ரெண்டு டிவி ரெண்டு வழியா ஓடினா ஒரு மூலை கத்தும், இன்னொரு மூலை முழிக்கும். ஃபோன்ல ஸ்கோர் அறிவிப்பை எல்லாரும் அணைச்சுடுங்க. ஒருத்தர் விடாம.

வித்யா: இதுக்கு எல்லாரும் சரின்னு போடுங்க

பிரபு: சரி

கதிர்: சரி

தாத்தா: சரி. அது எப்படி அணைப்பது?

கமலா அத்தை: வித்யா ஃபைனல் நீண்டா எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மாத்திரை ஒன்பதுக்கு

செந்தில் சித்தப்பா: சமமா முடிஞ்சா கூடுதல் நேரம் முப்பது நிமிஷம், அதுக்கப்புறம் பெனால்டி. மேசையை ரெண்டு மணி நேரத்துக்குத்தான் கொடுப்பாங்களா, முடியற வரைக்குமான்னு வித்யா கேட்டுடணும். நடுவுல எழுப்பி விட்டா பையன் மனசு ஒடிஞ்சுடும்.

வித்யா: ஃபோன் பண்ணிட்டேன். மூலை மேசை ஒண்ணுதான் இருக்காம். பத்து பேர் வரைக்கும். கிரிக்கெட் டிவி பக்கத்துலயே. தனி எண்ணெய் பத்தி அடுப்படியில கேட்டுட்டுக் கூப்பிடறாங்களாம்.

பிரபு: நாம எத்தனை பேர்?

கதிர்: அப்பா வந்தா பதினொண்ணு

அம்மா: கமலா அண்ணி வர்றாங்களா இல்லையா

கமலா அத்தை: வரலைன்னு நான் எப்ப சொன்னேன்

செந்தில் சித்தப்பா: பதினொண்ணுன்னு சொல்லு வித்யா. ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பாங்க. இனியாவுக்கு உயர நாற்காலியும் கேளு.

கதிர்: அவளுக்கு அஞ்சு வயசு சித்தப்பா

வித்யா: பெரியப்பா லைன்ல இருக்கார், இருங்க

அம்மா: கேக்கு?